என்ன கொழம்பு என்று கேட்ட குரல்

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். சாமி கும்பிடுவேன், விபூதி பூசுவேன், அது வேறு. ஆனால் புளியமரத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது, சைக்கிள் கேரியரில் ஒன்று ஏறிக்கொண்டது என்றெல்லாம் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். முப்பது வருஷம் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக வேலை பார்த்தவன். மீட்டரில் முள் அசைந்தால் ஏன் அசைந்தது என்று கேட்டு, காரணம் தெரிகிற வரைக்கும் குடைந்துகொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. அப்படிப்பட்டவன் காரணம் கண்டுபிடிக்க முடியாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தும் சொல்கிறேன். சிரித்துவிட்டுப் போங்கள், எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

முதலில் ஒன்று, இது ராத்திரியில் நடக்கவில்லை. ஆடி மாதம், புதன்கிழமை, உச்சிவெயில். அப்போது அரியலூர், பெரம்பலூர் எல்லாம் திருச்சி மாவட்டம்தான். எண்பதுகளின் ஆரம்பம். அரியலூரை ஒட்டி இருந்த ஒரு சிமெண்ட் ஃபேக்டரியில் எனக்கு வேலை. பெயர் எதற்கு, விடுங்கள். விக்கிரமங்கலத்தில் எங்கள் வீட்டில் அதுவரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள், களை எடுத்தவர்கள். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள் நான். அந்தச் சட்டையை என் அம்மா சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போட்டால் தெருவே பார்க்கும்படிதான் காயப்போடும்.

என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன் கலியபெருமாள். எலக்ட்ரீஷியன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயசு, ஒரே கிரேடு, ஒரே வாடகை வீட்டில் இரண்டு வருஷம் இருந்தோம், அவனுக்குக் கல்யாணம் ஆகும் வரைக்கும். அவன் பெண்டாட்டி அஞ்சலை எறையூர்க்காரப் பெண். வந்த முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டது, அதிலிருந்து கலியன் எனக்கு மாப்பிள்ளை முறை. அவனும் என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவான், முறையெல்லாம் அவனிடம் எடுபடாது. தின்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். காலையில் இட்லி தின்றுகொண்டே மத்தியானச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பான்.

இப்போது அந்தக் கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை விளங்காது. சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுடுகிற சூளையிலிருந்து புகை வரும். அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது அனலைசர். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகையில் அது கூடிப்போனால் தூசி பிடிக்கிற மின்சாரப் பெட்டியில் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். அதே வாயு மூடிய அறைக்குள் கசிந்தால் சத்தமே இல்லாமல் ஆளைத் தூங்க வைத்துவிடும், அந்தத் தூக்கத்திலிருந்து யாரும் எழுந்திருப்பதில்லை. அதனால் அந்த மீட்டர் பொய் சொல்லக் கூடாது, அதை ரிப்பேர் பார்க்கிறவனும் அசட்டையாக இருக்கக் கூடாது.

எங்கள் அனலைசர், சூளையை ஒட்டி நின்ற இரும்பு டவரின் மூன்றாவது தளத்தில் ஒரு தகர அறைக்குள் இருந்தது. குளியலறை அளவுதான் இருக்கும். ஒரு பம்ப் புகையை உறிஞ்சி, வடிகட்டி, கருவிக்குள் தள்ளும், பிறகு அது ஒரு குழாய் வழியாக வெளியே போய்விடும். அந்த அறைக்குள் ஒருத்தன் வேலை செய்தால் இன்னொருத்தன் வாசலில் நிற்க வேண்டும் என்பது ஃபேக்டரி விதி. நின்றால் மட்டும் போதாது, உள்ளே இருக்கிறவனிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு குழறினால் இழுத்து வெளியே போட வேண்டும்.

விதி அவர்களுடையது, அதில் விளையாட்டைச் சேர்த்தது நாங்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கலியன் வெளியிலிருந்து கதவைத் தட்டி, "என்னடா கொழம்பு?" என்று கேட்பான். நான் ஒரு குழம்பின் பெயரைச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. சொன்னால் தோற்றேன், உடனே வெளியே வந்துவிட வேண்டும், டீயும் வடையும் என் செலவு. விளையாட்டு மாதிரித் தெரிந்தாலும் அதில் ஒரு சூட்சுமம் இருந்தது. அந்த வாயு முதலில் மழுங்கடிப்பது ஞாபகத்தைத்தான். சொன்னதையே ஒருத்தன் சொல்கிறான் என்றால் அவன் தலைக்குள் வாயு ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சண்டை வரக் கூடாது என்பதற்காக நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பேன். மீட்டர் எண்ணை எப்படியும் லாக் நோட்டில் குறிக்க வேண்டும், அதனால் நேரம், மீட்டர் எண், பக்கத்தில் குழம்பு. எங்கள் வீட்டில் நான் சின்ன வயசில் கண்டதெல்லாம் புளித்தண்ணியும் எப்போதாவது கருவாட்டுக் குழம்பும்தான். மற்றப் பெயர்களெல்லாம் அஞ்சலை சமையலில் தின்று தெரிந்துகொண்டவை. கலியன் தினமும் வீட்டுக்குப் போய், "இன்னைக்கி ஒங்கண்ணன் பதினாலுலயே மாட்டிக்கிட்டான்" என்று சொல்வானாம். அஞ்சலை சிரித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எனக்காகப் புதுசாக ஒரு குழம்பு வைத்துப் பெயரைச் சொல்லிக்கொடுக்கும். சொந்தத் தங்கச்சி கூட அப்படிப் பார்த்திருக்காது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த ஆடியில் அஞ்சலை தலைப்பிரசவத்துக்காக எறையூரில் தாய் வீட்டில் இருந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கலியன் முகத்தில் சிரிப்பே இல்லை. அன்றைக்குக் காலை பதினொன்றரை மணிக்குக் கண்ட்ரோல் ரூமிலிருந்து ஆள் வந்து சொன்னான், சூளைப் புகை கறுப்பாக வருகிறது, மீட்டரோ பூஜ்யத்திலேயே படுத்திருக்கிறது, உடனே பார்க்கச் சொன்னார் எஞ்சினியர் என்று. நானும் கலியனும் மேலே ஏறினோம். ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது, சுண்ணாம்புத் தூசி கண்ணைத் திறக்க விடவில்லை.

நான் செய்த முட்டாள்தனம் இங்கேதான். அனலைசரின் மூடியைக் கழற்றினால் உள்ளே கண்ணாடிகள் இருக்கும், அதில் தூசி விழுந்தால் இரண்டு நாள் வேலை. அதனால் கதவைச் சாத்தினேன்.

"சாத்தாத மாப்ள, தொறந்தே இருக்கட்டும்" என்றான் கலியன்.

"தூசி உழுந்தா நீயா வந்து தொடப்ப? பத்து நிமிஷ வேலை. நீ கேட்டுக்கிட்டே இரு" என்றேன்.

அவன் முனகிக்கொண்டே கதவில் சாய்ந்து நின்றான். கருவியின் மேல் இருந்த அக்கறை எனக்கு என் மூக்கின் மேல் இருக்கவில்லை, வேறு என்ன சொல்ல.

நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்து விட்டுப் பார்த்தேன், மீட்டர் ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது. அளவு தெரிந்த வாயு இருக்கும் சின்னச் சிலிண்டரைத் திறந்தேன், அதையும் சரியாகக் காட்டியது. அப்படியென்றால் கருவி நல்ல கருவி, அதற்கு வருகிற வழியில்தான் கோளாறு. வடிகட்டி அடைத்திருக்கும் என்று அதைச் சுத்தம் பண்ணிவிட்டுப் பம்பைப் போட்டேன். ஓட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் ஒரு சின்ன குண்டு இருக்கும், வாயு வந்தால் மேலே எழும்பும். அது எழும்பவே இல்லை. நான் பம்பை நிறுத்தாமல் ஒவ்வொரு குழாயாக அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பம்புக்குப் பின்னால் ஒரு ரப்பர் குழாய் கழன்று தொங்கியது எனக்குத் தெரியவில்லை. மீட்டருக்குப் போக வேண்டிய வாயு முழுக்க அந்த அறைக்குள் வந்துகொண்டிருந்தது, மீட்டர் அதற்குப் பூஜ்யம் என்று காட்டிக்கொண்டிருந்தது.

"என்னடா கொழம்பு?" "வத்தக் கொழம்பு." "என்னடா கொழம்பு?" "மொச்சக்கொட்டை." இப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு தடவை கதவு கொஞ்சம் பலமாகத் தட்டுப்பட்டது, பம்ப் சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை, வழக்கமான கேள்விதானே என்று, "எண்ணெக் கத்திரிக்கா" என்றேன்.

அந்தத் தட்டல் என்னவென்று பிற்பாடுதான் தெரிந்தது. எறையூர் சர்க்கரை மில் ஆபீசிலிருந்து போன் வந்திருக்கிறது, அஞ்சலைக்குத் திடீரென்று உதிரப்போக்கு, பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று. பெரம்பலூர் போகிற ஜீப் ஒன்று கேட்டில் நின்றது. கலியன் கதவைத் தட்டி, அஞ்சலைக்கு இப்படி, நான் போகிறேன், ஆரோக்கியசாமி அண்ணன் நிற்கிறார் என்று கத்தியிருக்கிறான். நான் கத்திரிக்காய் என்று சொல்லியிருக்கிறேன். என் பதில் கேட்டதும், மாப்பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறான் என்று அவன் இறங்கி ஓடிவிட்டான். எங்கள் இரண்டு பேரைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்ய முடியாத தப்பு அது.

ஆரோக்கியசாமி என்பவர் டவரில் இயந்திரங்களுக்குக் கிரீஸ் வைக்கிற ஆள். நல்ல மனுஷன், கைநாட்டு. அவர் வாசலில் வந்து நின்ற இரண்டாவது நிமிஷம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியிருக்கிறது. சங்கு ஊதினால் எங்கள் ஃபேக்டரியில் கையில் இருக்கிற ஸ்பேனரை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிட இறங்குவார்கள். உள்ளே இருக்கிறவரும் சங்கு கேட்டு வந்துவிடுவார் என்று அவரும் இறங்கிவிட்டார். எனக்குச் சங்கே கேட்கவில்லை. ஆகப் பன்னிரண்டு மணியிலிருந்து அந்த வாசலில் ஆள் கிடையாது. இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் கேள்வி நிற்கவில்லை.

"என்ன கொழம்பு?"

"முருங்கக்கா."

"என்ன கொழம்பு?"

"பருப்புருண்ட."

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், நான் காதால் கேட்டதைச் சொல்கிறேன். மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை, பிசகாமல். இப்போது நினைத்துப் பார்த்தால் இரண்டு வித்தியாசம் தெரிகிறது. பம்ப் சத்தத்தில் கலியன் கேட்பது அரைகுறையாகத்தான் காதில் விழும், ஆனால் இது பக்கத்தில் நின்று கேட்பது மாதிரி தெளிவாகக் கேட்டது. இரண்டாவது, கலியன் 'டா' போடாமல் ஒரு தடவை கூட இதைக் கேட்டதில்லை. இந்தக் கேள்வியில் அது இல்லை. பெண்டாட்டி நினைப்பில் இருக்கிறான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

தலை வலித்தது. வெயில் என்று நினைத்தேன். பிறகு வலி போய் ஒரு சுகம் வந்தது, அதுதான் கெட்ட அடையாளம், அது எனக்கே தெரியும், பத்துப் பேருக்கு வகுப்பு எடுத்தவன் நான். ஆனால் அந்த நேரத்தில் அது ஒன்றும் தோன்றவில்லை. காலை நீட்டி உட்கார்ந்தேன். பென்சில் மட்டும் கையில் இருந்தது, பழக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"என்ன கொழம்பு?"

"கருவாடு."

"என்ன கொழம்பு?"

"கருவாடு."

"அது சொல்லியாச்சு."

"சொல்லல" என்றேன். எனக்குக் கோபம். "கருவாடு. இப்பத்தான் சொல்றேன்."

"சொல்லியாச்சுண்ணே. வெளில வாங்க."

வர மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அப்படியே கண்ணை மூடினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. அப்போது ஒரு கத்தல் கேட்டது பாருங்கள், அந்த மாதிரிக் கத்தலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. உயிர் போகிறவர்கள்தான் அப்படிக் கத்துவார்கள்.

"வெளில வா! வா வெளில!"

அந்த அதட்டலுக்கு உடம்பு தானாக எழுந்துவிட்டது. நாலு காலில் தவழ்ந்து கதவில் முட்டினேன். வெளியே காற்று கதவை அழுத்திக்கொண்டிருந்தது, நான் இருந்த நிலைமையில் அதைத் தள்ளியிருக்கவே முடியாது. ஆனால் வெளியிலிருந்து யாரோ பிடித்து இழுத்த மாதிரி திறந்தது. விழுந்தேன். தளத்து இரும்புத் தகட்டில் முகம் பட்டது, வாந்தி எடுத்தேன், காற்று உள்ளே போனது. "கலியா" என்று கூப்பிட்டேன். தளத்தில் ஒருத்தரும் இல்லை. கதவு மட்டும் காற்றில் தானாகப் போய்ச் சாத்திக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியசாமி சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே படியேறி வந்தார். என்னைப் பார்த்ததும் அலறிவிட்டார். பம்புக்கு வெளியே ஒரு சுவிட்ச் உண்டு, அதை நிறுத்திவிட்டுக் கதவை அகலத் திறந்து வைத்தார். அது அவருக்கு யாரும் சொல்லாமலே தெரிந்திருந்தது, அந்த நேரத்தில் உள்ளே ஓடியிருந்தால் அவரும் விழுந்திருப்பார்.

"கலியன் எங்கண்ணே?"

"அவரு அப்பவே போயிட்டாருங்களே. சங்கு ஊதறதுக்கு முன்னாடியே. நீங்க வந்திருப்பீங்கன்னு நெனச்சேங்க நானு. மாதாவே, நான் பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அப்ப வாசல்ல நின்னு கேட்டது யாரு?"

"என்னத்தங்க கேட்டது?" என்றார் அவர்.

டிஸ்பென்சரியில் ஆக்சிஜன் வைத்துப் படுக்கப் போட்டார்கள். இன்னும் பத்து நிமிஷம் உள்ளே இருந்திருந்தால் தனக்கு வேலையே இருந்திருக்காது என்றார் டாக்டர். மறுநாள் காலையில் நானே மேலே ஏறினேன். மற்றவர்கள் வேண்டாம் என்றார்கள், என் தப்பை நான்தான் சரி பண்ண வேண்டும் என்று ஏறினேன். கதவைத் திறந்து கட்டிவிட்டு, இரண்டு பேரை வாசலில் நிறுத்திவிட்டு, சோப்புத் தண்ணி தொட்டு ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்துக்கொண்டு வந்தால், பம்புக்குப் பின்னால் அந்தக் குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்திருந்த வளையம் துருப்பிடித்து விட்டுப்போயிருந்தது. புது வளையம் போட்டு இறுக்கினேன், குண்டு எழும்பியது, மீட்டர் உண்மையைச் சொன்னது. அன்றைக்கே தகரக் கதவில் மேலே ஒரு ஓட்டை, கீழே ஒரு ஓட்டை அறுத்து, தூசிக்குத் துணி கட்டினேன். இதெல்லாம் எனக்குக் காரணம் தெரிந்த பகுதி.

மத்தியானம் பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனேன். ஆஸ்பத்திரி வராண்டாவில் கலியன் நின்றான். கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரித்தான்.

"பொம்பளப் புள்ள மாப்ள. ரெண்டு உசுரும் பொழச்சிருச்சி."

கையைப் பிடித்துக்கொண்டேன். அப்புறம் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளிறிப்போனது. தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நீதான் பதில் சொன்னியேடா" என்றான். பிறகு, "பொய் சொல்லலடா, ஜீப்புல ஏறுனதுலேர்ந்து ஒன்ன நான் நெனைக்கவே இல்ல. அஞ்சல, அஞ்சலன்னுதான் வந்தேன். ஒன்ன மறந்தே போயிட்டேன் மாப்ள" என்று சின்னப் பிள்ளை மாதிரி அழுதான்.

அவன் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் மெக்கானிக் புத்தி அதற்குள்ளும் ஒரு கணக்குப் போட்டது. அவன் நினைப்பு என்னைக் காப்பாற்றியது என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அதற்கும் வழியில்லை. அவன் என்னை நினைக்கவே இல்லை.

உள்ளே கூட்டிக்கொண்டு போனான். அஞ்சலை வெளுத்துப்போய்ப் படுத்திருந்தது, பக்கத்தில் துணிக்குள் குழந்தை. ஆயா ஒருத்தி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான், "எப்படிம்மா இருக்க?" என்று கேட்பதற்கு முன்னால் அஞ்சலை என்னைப் பார்த்துக் களைப்பாகச் சிரித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டது.

"ஏண்ணே, கருவாட்டையே அத்தன தடவ சொன்னீங்க?"

நான் கலியனைப் பார்த்தேன். கலியன் என்னைப் பார்த்தான். நான் கருவாடு என்று சொன்னதை அவனிடம் கூடச் சொல்லியிருக்கவில்லை.

ஆயாதான் சிரித்துக்கொண்டே விவரம் சொன்னாள். "ரத்தம் போயி போயி பொண்ணு மயங்குது. தூங்க உட்டா ஆபத்து, பேச்சுக் குடுத்துக்கிட்டே இருன்னு டாக்டரம்மா சொன்னாங்க. ஏதாச்சும் பேசுடி, எதயாச்சும் சொல்லுடின்னு கன்னத்துல தட்டுறேன். எல்லாரும் அம்மா அப்பான்னு கத்துவாங்க. இது என்னடான்னா என்ன கொழம்பு, என்ன கொழம்புன்னு என்னயவே கேக்குது. நான் என்னத்தக் கண்டேன், சாம்பாருன்னு சொன்னேன். நீ சொல்லாத ஆயா, அண்ணன் சொல்லட்டுங்குது."

அஞ்சலை மெதுவாகச் சொன்னது. "அவுரு வந்து சொல்லுற வெளையாட்டு ஞாபகம் வந்துச்சுண்ணே. கேட்டுக்கிட்டே இருந்தா தூங்க மாட்டேன்னு கேட்டேன். பதில் வந்துச்சு. எங்கயோ கெணத்துக்குள்ளேர்ந்து வரமாரி. நீங்கதான்னு தெரிஞ்சுது. முருங்கக்கா சொன்னீங்க, பருப்புருண்ட சொன்னீங்க. நல்லாதானே போவுதுன்னு இருந்தேன். அப்பறம் கருவாடு, கருவாடு. எனக்குப் பயம் வந்துருச்சு. வாங்க வெளிலன்னா வர மாட்டேங்குறீங்க. அந்த நேரம் பாத்து வலி உயிரு போவுது. எல்லாத்தயும் சேத்து ஒரே கத்தா கத்திட்டேன்."

"ஆமா, வெளில வா, வா வெளிலன்னு. நான் புள்ளயத்தான் கூப்பிடுதுன்னு நெனச்சேன்" என்றாள் ஆயா. "அந்தக் கத்துல புள்ளயும் வந்து உழுந்துருச்சு."

அஞ்சலை அறையில் ஒரு வாசல், என் அறையில் ஒரு வாசல், நடுவில் முப்பது கிலோமீட்டர் ரோடு. சாகக் கிடந்த பெண் தன் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில் இன்னொரு கையால் என்னையும் பிடித்திருக்கிறது. இதை எந்த மீட்டரில் வைத்துப் பார்ப்பேன் நான்? "ஒனக்கு நான் எத்தன டீ வாங்கித் தரணும்மா?" என்றேன். அஞ்சலை சிரித்தது, உடனே வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

இதோடு முடிந்திருந்தால் நல்லபடியாக இருந்திருக்கும். பாசத்துக்குத் தூரம் கிடையாது என்று சொல்லிவிட்டு நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். ஆனால் அஞ்சலை இன்னொன்றும் சொன்னது.

"புள்ள வந்த பொறவு, நீங்க வந்துட்டீங்களான்னு தெரியல, சும்மா இன்னொரு தடவ என்ன கொழம்புன்னு கேட்டேன். பூண்டுக் கொழம்புன்னு தெளிவா சொன்னீங்க. சரி, அண்ணன் நல்லாயிட்டாருன்னு அப்பறந்தான் கண்ண மூடுனேன்."

பூண்டுக் குழம்பு பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது. நான் அதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் வெளியே இரும்புத் தகட்டில் கவிழ்ந்து கிடந்தேன், என் வாயிலிருந்து வாந்தியைத் தவிர வேறொன்றும் வரவில்லை. மயக்கத்தில் அதற்கு அப்படிக் கேட்டிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பத்து நாள் கழித்து எஞ்சினியர் மேஜையிலிருந்து லாக் நோட்டு திரும்பி வந்தது. அன்றைக்கு ஆரோக்கியசாமிதான் அறையிலிருந்து வாயு போன பிறகு அதை எடுத்துவந்து எஞ்சினியரிடம் கொடுத்திருந்தார். புதன்கிழமைப் பக்கத்தைத் திருப்பினேன். வத்தல், மொச்சை, கத்திரிக்காய், முருங்கைக்காய் என்று வரிசையாக இருந்தது. கீழே போகப் போக எழுத்து கோணிக்கொண்டு போனது. கருவாடு, கருவாடு, கருவாடு. கடைசிக் கருவாட்டுக்கு நேரம் 12.38, மீட்டர் பூஜ்யம். அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. 12.42. பூண்டுக் குழம்பு.

ஆஸ்பத்திரிச் சீட்டில் குழந்தை பிறந்த நேரம் 12.40 என்று போட்டிருக்கிறது. அந்த அறைக்குள் கடிகாரம் கிடையாது, என் வாட்ச் என் கையோடு வெளியே இருந்தது. ஆரோக்கியசாமிக்கு எழுதத் தெரியாது. அந்த வரி கோணவில்லை, நடுங்கவில்லை, அச்சு மாதிரி நேராக இருந்தது. யாராவது விளையாடியிருப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் சொல்லியிருப்பேன், ஒரே ஒரு சங்கடம். அது என் கையெழுத்து. அந்தப் பக்கத்தைக் கிழித்து வைத்திருக்கிறேன், வேண்டுமானால் வந்து பாருங்கள்.

அன்றைக்குப் பிறந்த பெண்ணுக்கு இப்போது கல்யாணமாகிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியனும் நானும் ரிட்டயராகிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமையானால் எனக்கு அவன் வீட்டில்தான் சாப்பாடு. கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம், அடுப்படியிலிருந்து அஞ்சலை குரல் கொடுக்கும், "என்ன கொழம்புண்ணே?" என்று. நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். எழுந்து போய், கேட்டது அஞ்சலைதானா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். அஞ்சலைக்கு இது பழகிவிட்டது, கரண்டியை ஆட்டிக் காட்டிச் சிரிக்கும்.

இத்தனை வருஷத்தில் இரண்டே தடவை, எட்டிப் பார்த்தபோது அடுப்படியில் யாரும் இல்லை. அஞ்சலை கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு தடவையும் நான் எந்தக் குழம்பின் பெயரையும் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் குரல் அதட்டிய மாதிரியே, செருப்பைக் கூடப் போடாமல் நேராக வெளியே போய்த் தெருவில் நின்றுகொண்டேன். கலியன் ஏன் என்று கேட்கவில்லை. அஞ்சலையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அவனும் என் பின்னாலேயே வந்து நின்றான்.